எந்தத் துவக்கு என்று கேட்ட மகனுக்கு நான் சொன்ன அண்டர்சன் கதை

2024 ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மொன்றியல் கோட் டே நேஜ் பகுதியில் உள்ள எங்கட வீட்டுச் சமையலறையில் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தோம். புவியியல் படிச்சு முடிச்ச என் மகனுக்கு வடக்கில் ஒரு கனிமத் தேடல் வேலை கிடைச்சிருந்தது. மட்டகாமி தாண்டி ஜேம்ஸ் பே பக்கம் கோடை முழுக்கக் கூடாரத்தில் இருந்து பாறை மாதிரி எடுக்கிற வேலை. அம்மாவுக்குப் பயம், எனக்குப் பெருமை. அந்த நேரம் அவன் கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டி, அப்பா, இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்டான்.

பார்த்தால் இரண்டு ரிவோல்வர்கள். ஒன்று .44 மேக்னம், மற்றது .500. அந்தப் பக்கம் கரடி கூட, இடுப்பில் ஒன்று இருந்தால் நிம்மதி என்றான். புதுச் சப்பாத்து வாங்கப் போகிறவன் கேட்கிற மாதிரித்தான் கேட்டான்.

எனக்குக் கை நடுங்கினது. 1990இல் நாங்கள் வன்னியை விட்டு வெளிக்கிட்டதே துவக்குகளுக்குப் பயந்துதான். எந்தப் பக்கத்துத் துவக்கு என்பதெல்லாம் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை. அதையெல்லாம் தாண்டி இந்த நாட்டுக்கு வந்து, பிறந்த பிள்ளைக்கு ஒரு விளையாட்டுத் துவக்குக்கூட நான் வாங்கிக் கொடுத்ததில்லை. இப்ப அவன் கேட்கிறது கையடக்கத் துவக்குகளிலேயே ஆகப் பெரியதை.

கத்தியிருப்பேன். ஆனால் இங்கே வளர்ந்த பிள்ளையளிடம் கத்தினால் கதை அதோடு முடிஞ்சு போகும். அதனால் அவனுக்கு ஒரு மனுசனுடைய வாழ்க்கையைச் சொன்னேன். ஒரே ஒரு துவக்கோடு நம்ம தமிழ்க்காடுகளில் ஆயுசு முழுக்க நடந்தவர், கெனத் அண்டர்சன். உங்களில் பலருக்கும் வீட்டில் இப்படி ஒரு மகனோ மருமகனோ இருக்கக்கூடும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

அண்டர்சனின் பெயரை நான் முதலில் கேட்டது புத்தகத்தில் இல்லை. மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு தர்மபுரி மாவட்டத்து முகாம் ஒன்றில் ஐந்து வருடம் இருந்தோம். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் பென்னாகரம் வரை போவேன். அங்கே தேநீர்க்கடை வைத்திருந்த ஒரு பெரியவர், ஒகேனக்கல் காட்டில் புலி சுட்ட துரையைப் பற்றி நாள் முழுக்கக் கதைப்பார். துரை தமிழ் பேசுவார், தரையில் படுத்துத் தூங்குவார் என்பார். நான் பாதி நம்பினேன். மொன்றியல் வந்து பல வருடம் கழித்து நூலகத்தில் அவருடைய ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டபோது, பென்னாகரம், முத்தூர், சின்னாறு என்று எனக்குத் தெரிஞ்ச ஊர்ப்பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. அன்றிரவு நித்திரை இல்லை.

அண்டர்சன் 1910 மார்ச் 8ஆம் திகதி செகந்திராபாத் பக்கத்துப் பொலாரத்தில் பிறந்தார். ஸ்கொட்லாந்து வழிக் குடும்பம். ஆனால் பல தலைமுறையாக இந்தியாவிலேயே வேர் விட்டது. பெங்களூரில் பிஷப் கொட்டன் பாடசாலையில் படித்தார். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். முன்னோரின் நாடு அவருக்கு அந்நியம், பிறந்த நாடுதான் வீடு. இந்த இடத்தில் என் மகன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். யாழ்ப்பாணத்துக்கு இரண்டு தரம் கூட்டிக்கொண்டு போயும், திரும்பும்போது வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்னவன் அவன்.

அவர் முழுநேர வேட்டைக்காரர் இல்லை. பதினைந்து வருடமளவில் தபால் தந்தித் துறையில் வேலை. பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் முகாமையாளர். சனி ஞாயிறும் லீவு நாளும்தான் காடு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுவார். 1939 முதல் 1966 வரை, அரச பதிவுகளில் ஆட்கொல்லி என்று அறிவிக்கப்பட்ட 8 சிறுத்தைகளையும் 7 புலிகளையும் சுட்டவர் என்பது அவர் பற்றிச் சொல்லப்படும் கணக்கு.

இனித் துவக்குக்கு வருவோம். அவர் கையில் எப்போதும் இருந்தது வின்செஸ்டர் 1895 மொடல் ரைபிள், .405 அளவு. கைப்பிடியை ஒட்டிய நெம்பை முன்னால் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். தோட்டாப் பெட்டியில் நான்கு. அந்தத் தோட்டா 1904இல் வந்தது. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆபிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோனதும் அதே அளவைத்தான். இரவில் அண்டர்சன் ரைபிளிலேயே ஒரு டோர்ச் லைட்டைப் பூட்டி வைப்பார்.

மகனுக்கு எண்களில் நம்பிக்கை. அதனால் எண்களிலேயே சொன்னேன். .44 ரிவோல்வரின் தோட்டா கிட்டத்தட்ட 10.9 மில்லிமீற்றர் தடிப்பு. அண்டர்சனின் தோட்டா 10.4 தான். தடிப்பைப் பார்த்தால் ரிவோல்வர் பெரிது. ஆனால் அண்டர்சனின் தோட்டா 19 கிராமுக்கு மேல், செக்கனுக்கு 670 மீற்றரளவு வேகம். .44 தோட்டா 15 அல்லது 16 கிராம், வேகம் 410 மீற்றரளவு. சக்தியைக் கணக்குப் பார்த்தால் அவருடையது மூன்று மடங்குக்கும் மேல். அதாவது, குழலின் அளவு பெரிசு என்றால் பலம் பெரிசு என்று அர்த்தம் இல்லை. அந்த மூன்று மடங்கு பலத்தோடு, தோளில் அணைச்சு, இரண்டு கையாலும் பிடிச்சுச் சுட்டே அவருக்குச் சில மிருகங்கள் காயத்தோடு தப்பிப் போயிருக்கின்றன.

அப்ப .500 என்று உடனே கேட்டான். 2003இல் வந்த அந்த ரிவோல்வர் அண்டர்சனின் ரைபிளுக்குக் கிட்ட வரும், உண்மைதான். ஆனால் நீளக் குழல் வைத்தது 2 கிலோ எடை. ஐந்து தோட்டாதான். ஒரு வெடி வைச்சால் கை மேலே தூக்கி எறியும். திரும்பக் குறி பார்க்க நேரம் எடுக்கும். ஓடி வருகிற கரடி அந்த நேரத்தைத் தராது. மாதக்கணக்காகப் பழகினவனுக்கே கஷ்டமான சாமான், வருடத்தில் இரண்டு தரம் சுட்டுப் பார்க்கிறவனுக்கு இடுப்பில் கட்டின கல். தொழில் அனுபவம் உள்ளவர்கள் அளவான ஒன்றை எடுத்து அதிலேயே ஆயிரம் தரம் பழகு என்று சொல்வது இதனால்தான். அண்டர்சன் வருடாவருடம் துவக்கு மாற்றியவர் இல்லை. அந்த .405 ஐ நல்லாய்ப் பழகியிருந்தார்.

இவ்வளவும் சாமான் பற்றிய கதை. அவருடைய வாழ்க்கை சொல்லும் முக்கியமான விசயம் வேறு.

புலி ஏன் ஆளைத் தின்கிறது என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதில்களில் திரும்பத் திரும்ப வருவது ஒன்று: மனிதர் உண்டாக்கின காயம். அரைகுறையாகச் சுட்ட ஒருவன், அல்லது நாட்டுத் துப்பாக்கியில் ஈயத்தை அடைச்சுச் சுட்ட ஒருவன், மிருகத்தை முடமாக்கி விட்டுவிடுவான். அதற்குப் பிறகு அது மானை விரட்டிப் பிடிக்க முடியாது. மாட்டைப் பிடிக்கும், பிறகு மாடு மேய்க்கிறவனை. ஒருவன் பயத்தில் வைச்ச வெடிக்கு, அவன் பேரே தெரியாத இன்னொரு ஊர்க்காரர் உயிரால் கணக்குத் தீர்ப்பார். வன்னியில் கட்டுத்துவக்கில் அடிபட்டு நொண்டி நடந்த யானையைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. காயப்பட்ட யானைதான் எங்கட ஊரில் வீட்டை உடைச்சது.

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரியில் ஒரு ஆட்கொல்லிப் பெண்புலி. அதை அவர் மடக்கினது பலத்தால் இல்லை. ஆண்புலி துணைக்குக் கூப்பிடுகிற சத்தத்தைத் தன் தொண்டையிலேயே எழுப்பினார். துணையைத் தேடித் திரிந்த அந்தப் புலி அவரை நோக்கி வந்தது. அந்தச் சத்தம் தெரிஞ்சிராவிட்டால் ரைபிள் அங்கே வெறும் இரும்பு.

தளிக்குப் பக்கத்தில் உள்ள கும்மளாபுரம் இன்னொரு கதை. 42 பேரைக் கொன்றது என்று சொல்லப்படும் ஒரு சிறுத்தை. பொழுதுபட்டால் யாரும் கதவைத் திறக்காத ஊர். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த ஊரில் இரவு காத்திருந்த அண்டர்சனோடு வந்து ஒட்டிக்கொண்டது ஒரு தெருநாய். சிறுத்தை கிட்ட வந்ததை அவர் அறிய முதல் அந்த நாய் அறிஞ்சு எச்சரிச்சது. அவர் உயிர் பிழைத்தார், சிறுத்தையைச் சுட்டார். பிறகு அந்த நாயைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு யார் யாரைக் காப்பாற்றினது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அவருக்குக் காட்டைக் கற்றுக் கொடுத்தவர்களில் ஒருவர் பைரா என்ற பூசாரி இனத்து மனுசன். முத்தூர்ப் பக்கம் சின்னாற்றங்கரையில் மண்ணைக் குடைஞ்சு செய்த வளையில் குடும்பத்தோடு வாழ்ந்தவர். இன்னொருவர் பென்னாகரத்து ரங்கா. அடி பார்த்து மிருகத்தின் வயதையும் நொண்டலையும் சொல்வது, குரங்கும் மானும் போடுகிற எச்சரிக்கைச் சத்தத்தைப் பிரிச்சு அறிவது, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நடப்பது எல்லாம் இப்படியான ஆட்களோடு வருடக்கணக்காக நடந்து பெற்ற அறிவு. அதை அவர் ஒளிக்கவில்லை. தன் புத்தகங்களில் அவர்களைப் பெயர் சொல்லி, நண்பர்களாக எழுதினார்.

இங்கே அவரைக் கும்பிட்டுவிட்டுப் போக எனக்கு விருப்பம் இல்லை. மகனுக்கும் இதைச் சொன்னேன். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியர் துவக்கு வைத்திருக்க உரிமம் வேணும். ஐரோப்பியருக்கு நெடுங்காலம் அதில் விலக்கு இருந்தது. புலி தின்றது பைராவின் சனத்தை. நல்ல ரைபிள் இருந்தது துரையின் கையில். அந்தச் சனத்திடம் இருந்தது உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி, அதுவும் பிடிபட்டால் வழக்கு. அண்டர்சன் வீரர்தான். ஆனால் அவர் வீரராக இருக்க வசதி செய்து கொடுத்த ஒரு ஏற்பாடும் இருந்தது. அவருடைய கதைகளுக்குப் பெரும்பாலும் அவரேதான் சாட்சி என்பதையும் மறக்கக்கூடாது.

மகனுக்குக் கரடிதான் கவலை என்பதால் அடுத்துக் கரடியைச் சொன்னேன். புலியை விடக் கரடியை நம்ம காட்டுச் சனம் பயப்படும். எங்கட அப்பு காட்டுக்குள் போகும்போது தோளில் கோடாலி இல்லாமல் போகமாட்டார்; அது விறகுக்கு மட்டும் இல்லை. கரடி பசிக்கு அடிக்கிறது இல்லை, திடுக்கிட்டு அடிக்கும், முகத்தைத்தான் கிழிக்கும். மைசூர் மாநிலத்தில் அரசிகெரேப் பக்கத்து மலைகளில் அப்படி ஒரு கரடி. 12 பேரைக் கொன்றது, அதைவிடப் பலரைக் குருடாக்கி முகம் சிதைச்சது என்பது கணக்கு. அங்கே ஒரு தர்காவைப் பார்த்துக்கொண்டிருந்த ஆலம் பக்ஸ் என்ற முதியவரின் மகனையும் அது கொன்றுவிட்டது. அவர் அண்டர்சனின் பழக்கக்காரர். அவர் கேட்டுக்கொண்டதற்காகத்தான் அண்டர்சன் போனார். போன உடனே வெற்றி இல்லை. திரும்பத் திரும்பப் போய்த்தான் அதைச் சுட முடிந்தது.

இந்தக் கதையில் எனக்குப் புலப்படுகிறது கரடி இல்லை, அந்தத் தகப்பன். வீட்டுக்குப் பக்கத்தில் நடந்த விசயம். பயப்பட வேண்டிய இடம் என்று யாரும் நினைக்காத இடத்தில் பிள்ளை போய்விட்டான். இதைச் சொல்லும்போது நான் நிறுத்திவிட்டேன். மகனும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

அண்டர்சனின் கடைசிக் காலம் வேறு மாதிரி. 1954இல் வந்த முதல் புத்தகத்தில் ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு மதம்பிடித்த யானையும். பின்னால் வந்த புத்தகங்களில் வேட்டையை விடக் காட்டின் அழிவு கூட வருகிறது. ஜீப்பில் வந்து வெளிச்சம் அடிச்சு மானைச் சுடுகிறவர்களை, நஞ்சு வைச்சுப் புலியைக் கொல்கிறவர்களை, மரம் வெட்டுகிறவர்களை அவர் வெறுத்தார். 1972இல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம். 1974 ஓகஸ்ட் 30ஆம் திகதி, 64 வயதில், புற்றுநோயில் அவர் பெங்களூரில் இறந்தார். எந்தப் புலியும் கரடியும் அவரைக் கொல்லவில்லை. அவர் நடந்த காடுகளில் ஒரு பெரும் பகுதி இன்று காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று வனவிலங்குச் சரணாலயங்கள்.

இனிக் கனடாவுக்கு வருவோம். மகனோடு சேர்ந்து இருந்து சட்டத்தைப் பார்த்தோம். இங்கே கைத்துவக்கு எல்லாமே கட்டுப்படுத்தப்பட்ட வகை. குழல் 105 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவு என்றால் முற்றாகத் தடை. இடுப்பில் வசதியாகத் தொங்கும் குட்டைக் குழல் எல்லாம் அதில் விழும். 2022 ஒக்டோபர் 21 முதல் சாதாரண ஆட்கள் கைத்துவக்கு வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் முடக்கப்பட்டது. 2023 டிசெம்பரில் அது சட்டமாகவே உறுதியானது. காட்டில் கைத்துவக்கு வைத்திருக்கிற தனி அனுமதி, உரிமம் பெற்ற பொறி வைப்பவர்களுக்கும், ஒதுக்குப்புறக் காட்டில் தொழில் செய்கிறவர்களுக்கும், தேவையை நிரூபித்தால் மட்டும். முகாமிட்டுச் சுற்றப் போகிறவருக்கு இல்லவே இல்லை. அமெரிக்கக் காணொளியைப் பார்த்து ஆசைப்படுகிற நம்ம பொடியளுக்கு இது தெரியிறதில்லை.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்று மொன்றியல்காரருக்கு விளக்கத் தேவையில்லை. 1989 டிசெம்பர் 6ஆம் திகதி இங்கே எக்கோல் பொலிடெக்னிக்கில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது கைத்துவக்கு இல்லை, ரைபிள். ஆனாலும் இந்த நகரம் துவக்கு பற்றிப் பேசுகிற விதத்தை அந்த நாள் மாற்றிப்போட்டது. ஒவ்வொரு டிசெம்பர் 6 மாலையும் மொன்ட் ரோயல் மலையில் இருந்து வானத்துக்கு ஒளிக்கீற்றுகள் எழும். சின்ன வயதில் மகன் அதைப் பார்த்து என்ன விசேசம் என்று கேட்டவன். அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

சட்டம் ஒரு பக்கம். உயிருக்கு எது உதவும் என்பதையும் பார்த்தோம். அலாஸ்காவில் நடந்த கரடிச் சம்பவங்களை வைத்து ரொம் சிமித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள் 2008இல் மிளகாய் ஸ்பிரே பற்றியும், 2012இல் துவக்குகள் பற்றியும் எழுதினார்கள். ஸ்பிரே அடித்த சம்பவங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கரடி நின்றது அல்லது திரும்பினது. ஸ்பிரே வைத்திருந்த ஆட்களில் 98 வீதத்தினருக்குக் காயமே இல்லை. துவக்கு இருந்தவர்களில், அதைப் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் காயப்படும் அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஸ்பிரேக்குக் குறி துல்லியமாகத் தேவையில்லை. அது ஒரு மேகம். கரடியையும் அது காயப்பட்ட மிருகமாக்காது. மற்ற வேலை எல்லாம் பைரா சொல்லிக் கொடுத்த மாதிரித்தான்: சத்தம் போட்டு நட, சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதே, காற்றைப் பார், குட்டியைக் கண்டால் வந்த வழியே மெதுவாகத் திரும்பு, ஓடாதே.

மகன் ரிவோல்வரை விட்டான் என்று சொல்லி முடித்தால் நல்லாயிருக்கும். உண்மையில் நடந்தது அவ்வளவு சுலபமில்லை. உங்கட பயத்தை என் மேல் வைக்கிறீங்கள் அப்பா என்று சொல்லிவிட்டு அன்றைக்கு எழும்பிப் போனான். அது பொய்யும் இல்லை. இரண்டு கிழமை கழித்து வேலை தரும் ஆட்களோடு கதைச்சவன். அங்கே வழிகாட்டியாக வருகிறவர் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான கிரீ இனத்தவர், அவரிடம் முறையாக உரிமம் பெற்ற நீளத் துவக்கு ஒன்று இருக்கும், மற்ற எல்லாருக்கும் ஸ்பிரேயும் ஒருநாள் பயிற்சியும் என்று சொன்னார்களாம். அவன் இரண்டு ஸ்பிரே வாங்கினான். ஒன்றை வீட்டுக்குப் பின்னால் அடிச்சுப் பார்த்து, காற்றைப் பார்க்காமல் நின்று, நாங்கள் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கண்ணைக் கழுவிக்கொண்டு நின்றோம். காற்று எந்தப் பக்கம் என்பது அன்றைக்கு இரண்டு பேருக்கும் விளங்கினது.

ஓகஸ்டில் சாட்டிலைட் போனில் எடுத்தான். ஆற்றங்கரையில் ஒரு கருங்கரடியும் இரண்டு குட்டியும். ஐம்பது மீற்றர். ஸ்பிரேயின் பூட்டைத் திறந்து கையில் வைச்சுக்கொண்டு, வழிகாட்டி சொன்னபடி மெதுவாகப் பின்னால் நடந்தானாம். கரடி பார்த்தது, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெடிச் சத்தம் இல்லை. கை நடுங்கினதா என்று கேட்டேன். நடுங்கினது என்றான்.

பிறகு, அந்த மனுசன் எழுதின புத்தகம் வீட்டில் இருக்குதோ, வரும்போது எடுத்து வையுங்கோ என்றான். நூலகத்துப் புத்தகம் அது. அடுத்த நாளே போய் எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.